உன்ர விருப்பம்

மார்ச் 14, சனி

விடியவே உறைமழை. வாசல் படி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். ஐஸ் உருகப் போடுகிற உப்பு முடிந்துபோச்சு. இவர் காருக்குப் பின்னால் கிடந்த மண் மூட்டையை எடுத்து வந்து கொட்டினார். இனி ஒரு கிழமைக்கு வீடு முழுக்க மண்.

இவர் நேற்றுப் பின்னேரம்தான் லொறி விட்டு வந்தவர். ஞாயிறு இரவு திரும்பப் போய்விடுவார், வெள்ளி வரைக்கும் ரொறொன்ரோப் பக்கம். வந்ததும் வராததுமாகக் குசினி மேசையில் வழக்கு.

அபிக்கு மூன்றாவது இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. மூன்றுமே எடுக்கிறோம் என்கிறார்கள். யூனிவர்சிற்றிக்கு முதல் படிக்கிற செஜெப் மே மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே என்று ஏப்ரல் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது. படிக்கப்போவது மருந்தும் இல்லை கணக்கும் இல்லை, பாசைகள். முதலில் ஸ்பானிஷ், கூடவே ஜேர்மன். சனி ஞாயிறில் பழக்கடையில் நிற்கப்போய், அங்கே பெட்டி இறக்குகிற மெக்சிக்கோக்காரரிடம் தொற்றிக்கொண்டு வந்த வியாதி.

மூன்று இடத்துக்கும் நாங்கள் வீட்டில் வைத்திருக்கிற பெயர்:

மெற்றோ. மொன்றியல் பெரிய யூனிவர்சிற்றி. இங்கே லவாலில் மெற்றோ ஏறினால் போய் இறங்கலாம். வீட்டுச் சோறு.

மலை. சின்னக் கொலிச். இரண்டு மணித்தியாலக் கார்.

கடல். அதைவிடச் சின்னது. கிழக்கே, கடற்கரையில். ஒரு பகல் முழுக்கக் கார். அபியின் மனம் அங்கே.

இவர்: "பாசை படிக்க என்னத்துக்கு ஊர் விட்டு ஊர்? மொன்றியலில இல்லாத பாசையே?"

அபி: "அங்க ஸ்பானிஷ் வீடு ஒண்டு இருக்கு அப்பா. பத்துப் பேர் இருப்பினம். வாசலுக்குள்ள போனா ஸ்பானிஷ் மட்டும்தான். சமைக்கேக்கயும் அதுதான்."

இவர்: "இஞ்சயும் ஒரு தமிழ் வீடு இருக்கு. வாசலுக்குள்ள வந்து நீ பிரெஞ்சு கதைக்கிறாய்."

சிரிப்பு வந்துவிட்டது. அபியும் சிரித்தாள். பிறகு கதவை அடித்துச் சாத்திக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

வேலை. கார்டெரியில், பகலில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், நாற்பது பேருக்குச் சோயா இல்லாத, முட்டை இல்லாத, பால் இல்லாத மக்ரோனி. எல்லாம் இல்லாததைச் சமைக்கிறதுதான் சமையற்காரிக்கு வேலை. வலது மணிக்கட்டு வலிக்கிறது.

என் பிரெஞ்சு முழுக்க இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. இன்னும் வேணும், முடிஞ்சுது, சுடும், என்ர. இதற்கு மேல் போனால் அபியைக் கூப்பிடுவேன். போன் பில்லுக்கு அபி. பல் டொக்டருக்கு அபி. பக்கத்து வீட்டுக்காரர் குப்பைப் பெட்டியை எங்கள் பக்கம் வைத்தால் அதற்கும் அபி.

இன்று ஒரு சின்னவள் நான் நீட்டிய கரண்டியைப் பார்த்து "நோன்" என்றாள். கரட்டு வேண்டாம், நோன். தண்ணிக்கு நோன். சப்பாத்துக்கு நோன். ஒருவரும் கோபிக்கவில்லை. நல்ல பிள்ளை.

பஸ்ஸில் இருக்க இடம் இல்லை. களைப்பு.

மார்ச் 18, புதன்

வேலை. படுத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 21, சனி

மலைக்குப் போய் வந்தோம். அங்கே பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுகிற நாள். இவர் ஓட்டினார். வாரம் முழுக்க ஓட்டிவிட்டுச் சனிக்கிழமையும் ஓட்டுகிற மனிதன், ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

இடம் வடிவுதான். செங்கல் கட்டிடம், கொடி படர்ந்து காய்ந்துபோய் இருக்கிறது, உருகின பனி, சேறு. கோப்பி இலவசம். எல்லோருடைய நெஞ்சிலும் பெயர் ஒட்டியிருந்தது. இவருடைய பெயரை எழுதத் தெரியாமல் பாதியோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு பையன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நூலகம், நீச்சல் தடாகம், சைவச் சாப்பாட்டுக்குத் தனி மேசை. வகுப்பில் எட்டுப் பேர்தானாம். வாத்தியாருக்கு எல்லோருடைய பெயரும் தெரியுமாம். இவர் என் காதுக்குள், "எட்டுப் பேரின்ர பேர் தெரியாட்டி அந்தாள் என்ன வாத்தி?" என்றார்.

பிறகு ஸ்பானிஷ் ரீச்சர். அறுபது வயது இருக்கும், கழுத்தில் கம்பளிச் சால்வை. அபி அவரோடு ஸ்பானிஷில் தொடங்கிவிட்டாள். என் பிள்ளை எனக்கு விளங்காத பாசையில் சிரிக்கிறதை முதல் முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை வேறு மாதிரி ஆடியது. குரலும் கொஞ்சம் தடித்திருந்தது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

ஏதாவது கேள்வி உண்டா என்று ரீச்சர் என்னைப் பார்த்தார். மற்றத் தாய்மார் எல்லோரும் ஆங்கிலத்தில் வடிவாகக் கேட்டார்கள். எனக்கு வாயில் வந்தது கார்டெரிப் பிரெஞ்சு. நீங்கள் இருப்பீங்களா, அவ்வளவுதான் கேட்டேன். கார்டெரியில் ஆள் மாறினால் பிள்ளைகள் ஒரு கிழமை சாப்பிடாது, அந்தப் பழக்கத்தில் வந்த கேள்வி.

அபி என் கையைப் பிடித்து இழுத்தாள். ரீச்சர் எனக்குக் கிட்ட வந்தார். பிறகு பிரெஞ்சிலேயே, எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். இல்லையாம். இந்த வருடத்தோடு ஓய்வு. தன் இடத்துக்கு ஆள் எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம், இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஜேர்மனுக்கு இருப்பவர் கிழமையில் இரண்டு நாள்தான் வருகிறார். என்னிடம் மெர்சி, நன்றி என்றார். ஏன் மெர்சி என்று விளங்கவில்லை.

திரும்பி வரும்போது அபி யன்னலோடு தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். மலை சரிந்துவிட்டது.

எனக்குள் ஒரு சந்தோசம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. மலை போனால் மெற்றோதானே மிச்சம் என்று நினைத்தேன். கடலை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

மார்ச் 23, திங்கள்

வெயில், ஆனால் காற்று கன்னத்தைக் கிழிக்கிறது.

கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அபி வந்து குளிர்ப்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். வழக்கத்தில் பிரெஞ்சில் தொடங்கி, நடுவில் இரண்டு தமிழ்ச்சொல் எனக்காகப் போடுவாள். இன்று முழுக்கத் தமிழ். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"அம்மா, நான் கடலுக்குப் போகட்டே?"

எண்ணெய் வெடித்தது. நான் திரும்பாமலே சொன்னேன்: "உன்ர விருப்பம்."

அவ்வளவுதான் சொன்னேன். எந்தத் தமிழ்த் தாய் வாயிலும் வருகிறதுதான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நாய்க்குட்டிக்கும் தெரியும். செய்துதான் பார், பிறகு என்னோடு கதைக்காதே என்று அர்த்தம்.

பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்தாள். "மெர்சி அம்மா. நிசமா மெர்சி." கன்னத்தில் கொஞ்சினாள். இரண்டு படி இரண்டு படியாகப் பாய்ந்து மேலே ஓடினாள். மேலே யாரோடோ போனில் சத்தமாகச் சிரிப்பு.

நான் அகப்பையோடு நின்றேன். கத்தரிக்காய் கருகிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

நித்திரை இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மத்தியான இடைவேளையில் இவர் போன் எடுத்தார்.

"இஞ்சாரும், நீர் ஓம் எண்டு சொன்னனீராம். பிள்ளை காலமை மெசேஜ் போட்டிருக்கிறாள். என்னோட ஒரு சொல் கதைக்காமல் எப்பிடி ஓம் சொன்னனீர்?"

"நான் ஓம் எண்டு சொல்லேல்ல. உன்ர விருப்பம் எண்டுதான் சொன்னனான்."

மறுபக்கத்தில் ரேடியோவை நிறுத்துகிற சத்தம்.

"அட கடவுளே," என்றார். "அது இஞ்ச பிறந்த பிள்ளை. அதுக்கு உது எங்க விளங்கப் போகுது?"

இவருக்கு நல்லாக விளங்கும். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் நான் ‘உங்கட விருப்பம்’ என்று சொன்ன ஒன்றையும் இவர் செய்ததில்லை. தம்பியோடு சேர்ந்து கடை போடுகிறேன் என்றார், உங்கட விருப்பம் என்றேன், கடை போடவில்லை. மீசையை எடுக்கட்டோ என்றார், அதற்கும் அதேதான். மீசை இன்னும் இருக்கிறது.

"அப்ப போய்ச் சொல்லும், நான் சொன்னது அது இல்லை எண்டு."

"நீங்கள் சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்லுறது? வாயைக் குடுத்தது நீர்."

வைத்துவிட்டார். சூப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

அபி மிக நல்ல பிள்ளையாக இருக்கிறாள். கேட்காமலே பாத்திரம் கழுவுகிறாள். இது இன்னும் கஷ்டம்.

நேற்று இரண்டு முறை, இன்று ஒரு முறை சொல்ல வாயெடுத்தேன். "அபி, அண்டைக்கு நான் சொன்னது…" என்று தொடங்கினால் "ஓம் அம்மா?" என்று முகத்தைப் பார்க்கிறாள். சோறு காணுமா என்று கேட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பனியும் பயம் இல்லை, தூரமும் பயம் இல்லை. பாசை படித்து என்ன வேலை கிடைக்கும் என்று இவருக்குத்தான் கவலை, எனக்கு அதுவும் இல்லை. எல்லாம் சாட்டு. அவள் போனால் கிழமையில் ஐந்து நாளும் இந்த வீட்டில் என்னோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாலும் நான் தமிழில் கேட்கலாம். அது போய்விடும். பிறகு கார்டெரியில் ‘இன்னும் வேணுமா’, வீட்டில் ரீவி.

இதுதான் விசயம். இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. நீ படிக்காதே, எனக்குக் கதைக்க ஆள் வேணும் என்றா?

மார்ச் 28, சனி

கர்க்லாண்டுக்குப் போனோம், கல்யாணி மேடம் வீட்டுக்கு. சென்னைக்காரர். இங்கே யூனிவர்சிற்றியில் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கோயிலில் ஒன்றாகப் பூசணிக்காய் வெட்டிப் பழக்கம். அவருடைய மகனும் இப்படி ஒரு சின்னக் கொலிச்சில் பாசை படித்தவன், அதனால் கேட்டுப் பார்ப்போம் என்று. இவர் வாசலில் இறக்கிவிட்டு வின்ரர் ரயர் மாற்றப் போய்விட்டார். அபி பழக்கடையில்.

"வாங்க வாங்க. என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? காபி போடவா, டீயா?"

தேத்தண்ணி என்றேன். வந்தது கோப்பிதான். இத்தனை வருடமாகியும் நான் சொல்வதில் பாதி மேடத்துக்கு ஏறாது, அவர் சொல்வதில் கால்வாசி எனக்கு ஏறாது. அப்படியும் நல்ல சினேகிதம்.

மேடம் சொன்னது, மறக்கமுதல்:

"கட்டடத்தைப் பாக்காதீங்க. எத்தனை வாத்தியார் நிரந்தரம்னு பாருங்க. மூணாவது வருஷம் வெளிநாடு அனுப்புறாங்களான்னு கேளுங்க. அனுப்பினா, அங்க எடுக்கிற மார்க்கை இங்க கணக்குல எடுத்துக்குறாங்களா, அதையும் கேளுங்க. நிறைய இடத்துல அங்கதான் கோட்டை விடுவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளைங்க சாப்பிடுற எடத்துல என்ன பாஷை பேசுறாங்கன்னு காதைக் கொடுத்துக் கேளுங்க. வகுப்புல எல்லாரும்தான் பேசுவாங்க."

தன் ஐபாட்டில் கடலின் பக்கத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். ஸ்பானிஷுக்கு நான்கு பேர், நால்வரும் நிரந்தரம். ஜேர்மனுக்கு இருவர். மூன்றாம் வருடம் வெளிநாடு, மார்க் செல்லும். ஒவ்வொன்றுக்கும் மேடம் தலையாட்டினார். எனக்குப் பிழை பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்ல எடமாத்தான் இருக்கு. என்ன தயக்கம்?"

அப்போது சொன்னேன், ‘உன்ர விருப்பம்’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதையை. மேடம் கோப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"எங்க வீட்ல ‘உன் இஷ்டம்’னு எங்கம்மா சொன்னா அன்னிக்கு யாரும் வாயே தொறக்க மாட்டோம். உங்க ஊர்லயும் அதுதானா?"

"அதேதான் மேடம்."

"கோழிக்கறிக்கு ஒத்துவரலை, டீக்கு ஒத்துவரலை. இதுல மட்டும் ரெண்டு ஊரும் ஒண்ணு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஐபாட்டை மூடி வைத்தார். "நான் என் பையன்கிட்ட அப்படிச் சொல்லலை. தாராளமா போன்னுதான் சொன்னேன். போனான். இப்ப லிஸ்பன்ல இருக்கான். மருமக நல்ல பொண்ணு. போன்ல என்னைப் பாத்துச் சிரிப்பா, நானும் சிரிப்பேன். ரெண்டு பேருக்கும் வேற ஒண்ணும் பேசத் தெரியாது."

"அப்ப அனுப்பினது பிழை எண்டு சொல்லுறீங்களோ?"

"பிழைன்னா? தப்பா? தப்புன்னு எப்படிச் சொல்றது. ஞாயித்துக்கிழமைல மட்டும் தப்புன்னு தோணும்."

இவர் வந்து ஹோர்ன் அடித்தார். காரில், மேடம் என்ன சொன்னவ என்றார். கடல் நல்ல இடமாம் என்றேன். இவர் ரேடியோவைப் போட்டார்.

மார்ச் 31, செவ்வாய்

மழை. பனி எல்லாம் கறுத்து ஊத்தையாகக் கிடக்கிறது. கார்டெரியில் ஆறு பேருக்கு வயிற்றோட்டம். என்னுடைய சாப்பாடு இல்லை, வைரஸ். அதை எழுத்தில் வேறு கேட்டார்கள்.

ஏப்ரல் 4, சனி

ஈஸ்டர் விடுமுறை. நித்திரை கொண்டேன். எழும்பினேன். திரும்ப நித்திரை கொண்டேன்.

இவர் அபியிடம், "உந்தக் கடல்ல சோறு கிடைக்குமோ?" என்று கேட்டது காதில் விழுந்தது. இவரும் சாய்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஸ்பானிஷ் வீட்டில் இடம் கொடுக்கிறதற்கு முதல், அந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் பிள்ளைகளோடு வீடியோவில் கொஞ்சம் கதைப்பாராம். இடம் கிடைத்தால் நல்லது, பதிலைப் பிறகு சொல்லலாம் என்றாள் அபி. மேலே இன்ரர்நெற் விட்டுவிட்டு வருகிறது என்று குசினி மேசையில் இருந்தாள். நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு. "நீங்கள் இருங்கோ அம்மா, பிரச்சினை இல்லை" என்றாள். எனக்கு ஸ்பானிஷ் விளங்காது, அதனால் பிரச்சினை இல்லை.

கொஞ்ச நேரம் ஸ்பானிஷ். பிறகு அந்த மனிதன் ஆங்கிலத்துக்கு மாறினார். ஆங்கிலம் எனக்கு ஓரளவு ஓடும். ஏன் பாசைகளில் விருப்பம் வந்தது என்று கேட்டார்.

அபி சொன்னாள், எங்கள் வீட்டில் ஆட்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கருதுவார்கள் என்று. சின்ன வயதிலிருந்தே அதைக் கண்டுபிடிக்கிறதுதான் தன் வேலை என்று. அப்பா சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கிறார் என்று அர்த்தமாம். அம்மா ‘உன்ர விருப்பம்’ என்று சொன்னால், அந்த இரண்டு சொல்லையும் தமிழிலேயே சொல்லிக் காட்டினாள், என்னுடைய குரலிலேயே, கொஞ்சம் மூக்கால், அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாம். அகராதியில் அது இல்லையாம்.

அந்த மனிதன் சிரித்தார். அபியும் சிரித்தாள்.

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல காலம், வெங்காயம்.

இவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்து கட்டிப்பிடித்து மெர்சி சொல்லியிருக்கிறாள். இரண்டு கிழமையாக நான் ஒரு முட்டாள் மாதிரி, இஞ்ச பிறந்த பிள்ளைக்கு விளங்கவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கள்ளி.

ஏப்ரல் 10, வெள்ளி

இரவு முழுக்கக் கோபம். காலையும் கோபம். இவர் வருவதற்கு முதல் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அபி செஜெப்பால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டேன்.

"தெரிஞ்சுதானே செய்தனி?"

என்ன என்று கேட்கவில்லை. சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி குனிந்துகொண்டு இருந்தாள்.

"ஓம்."

"என்னை ஏமாத்தினனி."

"ஏமாத்தேல்ல அம்மா. நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடி எடுத்தனான்."

"உனக்குத்தான் அர்த்தம் தெரியுமே."

"தெரியும்." எழும்பி நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. "எல்லா நாளும் தெரியும். பள்ளிக்கூடத்தால ஒட்டாவா ரிப் போகக் கேட்டனான், உன்ர விருப்பம் எண்டனீங்கள், நான் போகேல்ல. டான்ஸ் விடட்டோ எண்டு கேட்டனான், விடேல்ல. எல்லாரும் நான் நினைச்சதைத்தான் செய்யிறன் எண்டு நினைக்கினம், நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்கள். இந்த ஒருக்கா மட்டும் விளங்காத மாதிரி இருந்து பாப்பம் எண்டு இருந்தனான்."

ஒட்டாவா எனக்கு நினைவே இல்லை.

"நீங்கள் வேண்டாம் எண்டு ஒரு சொல் சொன்னா நான் நிண்டிருப்பன். இப்பவும் நிப்பன். மெற்றோ பரவாயில்லை, அங்கயும் படிக்கலாம். ஆனா நீங்கள் வாயால சொல்லோணும். நான் கண்டுபிடிக்க மாட்டன்."

மேலே போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்தவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். இவர், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவில என்னை இழுக்காதையும்" என்றார். பிறகு, "நான் சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டா மன்னிப்பு எண்டோ சொன்னவள்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. வேலையால் வந்து பொங்கல் பொங்கினேன். அபிக்குக் கைவிசேசக் காசு கொடுத்தேன். காலில் விழுந்து கும்பிட்டாள். கையைத் தலையில் வைத்தபோது சொல்லிவிடலாம் என்று வந்தது. வேண்டாம், போகாதே. இரண்டு சொல். நல்ல நாளில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

நல்ல நாள் இல்லாவிட்டால் வேறொரு சாட்டு வந்திருக்கும்.

வேணுமா வேண்டாமா என்று என்னிடம் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே வரும்போதும் கேட்கவில்லை, கலியாணத்துக்கும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித்தானே வளர்ந்தது. உங்கட விருப்பம் என்று சொன்னால் முகத்தைப் பார்த்து விளங்குகிறவர்கள் விளங்கினார்கள், மற்றவர்கள் தங்கள் பாட்டில் செய்தார்கள். இப்போது ஒருத்தி நின்று கேட்கிறாள். எனக்கு வாய் திறபடவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

காய்ச்சல் மாதிரி. வேலைக்குப் போனேன். பேசாமல் வந்தேன். அபி ரசம் வைத்திருந்தாள். உறைப்புக் கூட. நல்லா இருக்கு என்றேன். "நிசமாவோ, இல்லாட்டி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். நிசமாத்தான் என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

நான் வேண்டாம் என்று சொன்னால் நிற்பாள். அது எனக்குத் தெரியும். செய்கிறேன் என்று சொன்னதைச் செய்கிற பிள்ளை. மெற்றோவில் போவாள், வருவாள், பெரிய வகுப்பில் பின்வாங்கில் இருப்பாள். பின்னேரம் குசினியில் நிற்பாள். போன் பில் எல்லாம் சரியாகக் கட்டுப்படும். நான் கேட்டது கிடைக்கும்.

மலையில் அந்த ரீச்சரோடு கை ஆட்டிக் கதைத்தாளே, அது இந்தக் குசினிக்குள் வராது.

முழங்காலும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 22, புதன்

முதல் முறையாக வின்ரர் கோட் இல்லாமல் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தேன். வெயில். தெருக்கூட்டுகிற வண்டி வந்து மண்ணெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அபி கொம்பியூட்டரோடு வந்து மேசையில் இருந்தாள்.

"அம்மா, இண்டைக்குப் பதில் போடப் போறன். இனி இழுக்க ஏலாது. மெற்றோவோ கடலோ, நீங்கள் சொல்லுங்கோ."

கத்தியை வைத்தேன். திரும்பி நின்றேன். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"எனக்கு விருப்பம் இல்லை."

அவளுடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையை ஆட்டினாள். "சரி அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"முழுக்கக் கேள் பிள்ளை. நீ போனா எனக்கு இஞ்ச கதைக்க ஆள் இல்லை. எனக்குத் துண்டா விருப்பம் இல்லை. நீ போ."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள், ஒரு பாசையில் தெரியாத சொல் வந்தால் சுருக்குகிற மாதிரி.

"இதில எது உண்மை?"

"ரெண்டும்."

"நான் கண்டுபிடிக்க ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. சொன்னது அவ்வளவுதான்."

அழுதாள். சத்தமாக, வாயைத் திறந்து, கார்டெரிப் பிள்ளை மாதிரி. அழுதுகொண்டே எழுதினாள், அழுதுகொண்டே பட்டனை அமத்தினாள். எனக்கு ஆச்சரியம், எனக்கு அழுகை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து இவருடைய போன். அபி ஸ்பீக்கரில் போட்டாள். லொறி இரைகிற சத்தம்.

"என்ன, முடிவெடுத்தாச்சோ?"

"ஓம் அப்பா. அம்மாக்கு விருப்பம் இல்லை. நான் கடலுக்குப் போறன்."

"எந்த விருப்பம்? அவ என்னெண்டு சொன்னவ? வடிவாக் கேட்டனியே?"

"விருப்பம் இல்லை எண்டே சொன்னவ அப்பா. பேந்து போ எண்டு சொன்னவ."

லொறியை ஓரம் கட்டினார் போல, இரைச்சல் குறைந்தது. பிறகு, "அம்மா சாப்பிட்டாச்சோ எண்டு கேள்," என்றார்.

அபி போனை என் பக்கம் நீட்டினாள். கை முழுக்க மீன். இன்னும் இல்லை என்று இங்கிருந்தே கத்தினேன்.